தொப்புளில் ஒரு காந்தம்

தையல் கடைப் பிள்ளை வழக்கமாக அளவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் நோட்டில் எழுதுவாள். அன்றைக்கு டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டாள். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு நாலு வாரம்தான் இருந்தது. பட்டு ஜாக்கெட் கொக்கி போட வரவில்லை.

"உள்ளே ஒரு இஞ்ச் துணி இருக்கு எக்கா. பிரிக்கலாம். அதுக்கு முன்னாடி நீங்களும் ஏதாவது முயற்சி பண்ணிப் பாருங்க."

முயற்சி என்றதும் எனக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் வந்த விளம்பரம்தான் ஞாபகம் வந்தது. இடதுபக்கம் பானை மாதிரி வயிறு, வலதுபக்கம் தோசைக்கல் மாதிரி வயிறு. நடுவில் ஒரு அம்புக்குறி. உணவுக் கட்டுப்பாடு வேண்டாம், நடை வேண்டாம், ராத்திரி ஒட்டிக்கொண்டு தூங்கினால் போதும், கொழுப்பு தானாகக் கரையும். தூங்குவதில் எனக்கு இருபது வருட அனுபவம் உண்டு. 30 ஒட்டு 699 ரூபாய். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

டப்பாவைத் திறந்தால் நாட்டு மருந்துக் கடை வாசனை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்பு உருண்டை, அதை மூடி ஒட்ட வட்டமான பிளாஸ்திரி, பிளாஸ்திரியின் நடுவில் சின்னக் காந்தம். உருண்டையைத் தொப்புளில் வைத்து ஒட்ட வேண்டுமாம். காந்தம் எதற்கு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கொழுப்பில் இரும்பு கலந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. அன்றைக்கு என் எடை 74.2 கிலோ.

மூன்றாம் நாள் காலை அலுவலகத்துக்குப் புடவை கட்டினேன். கட்டிலில் வைத்த ஊக்கைக் காணோம். தேடு தேடென்று தேடி, வேறு ஊக்கு எடுத்துக் குத்திக்கொண்டு போனேன். சாயங்காலம் புடவையை அவிழ்த்தால், ஊக்கு என் தொப்புளில் சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் பிளாஸ்திரியை எடுக்க மறந்திருக்கிறேன். திறந்த ஊக்காக இருந்திருந்தால் வயிறு நிஜமாகவே கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து எடை பார்த்தேன். 73.4! எண்ணூறு கிராம்! கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நிச்சயமாக இறங்கியிருந்தது. முந்தின நாள் சஷ்டி விரதம் இருந்து, ராத்திரி ஒரு டம்ளர் பாலோடு படுத்தது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. இரண்டே நாளில் முள் 74.6-ல் போய் நின்றது. ஒட்டாத நாளைவிட 400 கிராம் அதிகம். பிளாஸ்திரியின் எடை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதற்கிடையில் டப்பாவில் எண்ணிக்கை உதைத்தது. நான் ஒட்டியது பதினொன்று. மிச்சம் பத்தொன்பது இருக்க வேண்டும், பதிமூன்றுதான் இருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே திண்ணைக்குப் போனால், அத்தை புடவையை முழங்காலுக்கு மேலே ஏற்றிவிட்டு வெயில் காய்ந்துகொண்டிருக்கிறார். இரண்டு முட்டியிலும் வட்டமாக வெள்ளைப் பிளாஸ்திரி.

"மக்கா, மூட்டுவலிக்கு காந்தப் பிளாஸ்திரி வாங்கியிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே நீ. நல்லாத்தான் இருக்கு. நேத்து மாடிப்படி ஏறிட்டேன்."

"அந்தக் கறுப்பு உருண்டையை என்ன பண்ணினீங்க அத்தே?"

"அது எதுக்கு? தூரப் போட்டுட்டேன்."

இனி மறைக்க முடியாது என்று உண்மையைச் சொன்னேன். அத்தை டப்பாவை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பின்பக்கத்தை என்னைப் படிக்கச் சொன்னார். பச்சைத் தேயிலை, ஏதோ கடல்பாசி, கார்சினியா கம்போஜியா. கடைசிப் பெயரைப் போனில் தட்டினால் நம்ம கொடம்புளி! நாகர்கோவிலில் மீன்கறிக்குப் போடுவதை எனக்கு லத்தீனில் விற்றிருக்கிறார்கள்.

"கொடம்புளி போட்ட மீன்கறியை நாப்பது வருஷமா திங்கிற உங்க மாமா வயிறு தெரியாதா உனக்கு?" என்றார் அத்தை. மாமா உள்ளே இருந்து இருமினார்.

சரி, விஷயம் தெரிந்தவனிடம் கேட்போம் என்று அண்ணன் மகனின் மெடிக்கலுக்குப் போனேன். கடையில் கூட்டம் இல்லாத மதியம்.

"சிகரெட் பழக்கத்தை விடுறதுக்கு ஒட்டுற பிளாஸ்திரி வேலை செய்யுதுதானேடே? அப்போ இது மட்டும் ஏன் செய்யாது?" இதை நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"நல்ல கேள்வி அத்தே," என்றான். தோலின் மேல் அடுக்கு தாளின் கனம்கூட இல்லை, ஆனால் செங்கல் சுவர் மாதிரி. மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அலகில் சொல்வார்களாம்; பொதுவாக 500 டால்டனுக்கு மேல் எடையுள்ளது அந்தச் சுவரைத் தாண்டாது. சிகரெட் பிளாஸ்திரியில் இருக்கும் நிக்கோட்டின் 162 டால்டன், சந்தில் நுழைகிற சைக்கிள். ஒரு நாளைக்கு 21 மில்லிகிராம் போனாலே போதும். பயணத்தில் வாந்தி வராமல் இருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டுவதும் அப்படித்தான். 1979-லேயே அமெரிக்காவில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். இப்போது எல்லோரும் பேசுகிற எடை குறைப்பு ஊசியில் இருக்கும் செமாக்ளூடைடு 4,100 டால்டனுக்கு மேல். அது லாரி. அதனால்தான் ஊசி. அதுவும் டாக்டர் சீட்டு இல்லாமல் அவன் தர மாட்டான்.

"கொடம்புளிச் சத்து சின்னதுதான் அத்தே. ஆனா அதை மாத்திரையா விழுங்கினாலே பிரயோஜனமில்ல. 1998-ல 135 பேரை வெச்சு 12 வாரம் சோதனை பண்ணினாங்க. நிஜ மாத்திரை தின்னவங்களுக்கும் சும்மா மாத்திரை தின்னவங்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. தொப்புள்ல வெச்சா மட்டும் கேட்கவா போகுது? ஒரு கிலோ கொழுப்புன்னா ஏறக்குறைய 7,700 கலோரி. அது எரியணும். ஒட்டி எடுக்க அது என்ன விலை ஸ்டிக்கரா?"

படித்த பிள்ளை. ஆனால் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மாத்திரை வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அன்று ராத்திரியும் பதினோரு மணிக்கு அதே போனைத்தான் நோண்டினேன். அமெரிக்காவின் வணிக ஆணையம் 2003-லேயே, எடை குறைப்பு விளம்பரங்களில் நம்பவே கூடாத ஏழு கூற்றுகள் என்று பட்டியல் போட்டிருக்கிறது. உடம்பில் ஒட்டினாலோ தோலில் தேய்த்தாலோ எடை கணிசமாகக் குறையும் என்பது அதில் ஒன்று. நம் ஊரிலோ 1954-லேயே மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிராகச் சட்டம் போட்டு, அந்தப் பட்டியலில் உடல் பருமனையும் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு மூத்த சட்டம். இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும்போதே திரையின் அடியில் இன்னொரு விளம்பரம் எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை காதில் மாட்டுகிற காந்தக் கம்மல். விலை 499. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்தான், பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஜாக்கெட் வாங்கப் போனேன். கொக்கி போட வந்தது. மூச்சும் விட முடிந்தது.

"ஒரு இஞ்சையும் பிரிச்சுட்டேன் எக்கா. இனி உள்ள துணி இல்ல," என்றாள் பிள்ளை.

வீட்டுக்கு வந்தால் அத்தை கேட்கிறார்: "மக்கா, காந்தம் தீரப் போகுது. அந்த உருண்டை இல்லாம வெறும் பிளாஸ்திரி மட்டும் தனியா கிடைக்குமா?"