அச்சில் வந்த கதையை ஊருக்குள் எடுத்துப்போனேன்

போன வருடம் என் முதல் சிறுகதை ஒரு மாத இதழில் வந்தது. அதுவரை நடந்தது எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். ‘கதை என் சொந்தக் கற்பனை, தழுவல் அல்ல, வேறு எந்த இதழுக்கும் அனுப்பவில்லை’ என்று ஓர் உறுதிமொழிக் கடிதம், ஐந்து மாதம் காத்திருப்பு, பிறகு ஒரு நாள் தபாலில் இதழ். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. அச்சான கதையை வாசகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனி வேலை என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணி ஆற்றங்கரையில் இருக்கிறது. கதையும் அங்கேதான் நடக்கிறது. குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டுக் காத்திருக்கிற ஒரு விவசாயி. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். ஐப்பசி மழையில் அது எப்படிக் குறையும்? பகலில் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைக்கிறார், இரவில் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார். எங்கள் வீட்டில் நடந்ததுதான், பெயரை மட்டும் மாற்றியிருந்தேன்.

இதழைப் பிரித்ததும் முதல் பத்தியிலேயே அடி விழுந்தது. நான் ‘பாமணி’ என்று எழுதிய இடமெல்லாம் ‘காவிரி’ ஆகியிருந்தது. தொலைபேசியில் கேட்டேன். எல்லா ஊர்க்காரர்களுக்கும் புரிய வேண்டுமே என்று மாற்றினோம் என்றார்கள். கெட்ட எண்ணம் இல்லைதான். ஆனாலும் எனக்குத் தாங்கவில்லை. கல்லணையில் காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிகிறது. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு என்கிற மதகில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியும் பிரிகின்றன. மேட்டூரில் ஜூன் 12-ஐ ஒட்டித் திறந்துவிடுகிற தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்போது அதன் பெயர் பாமணி. அந்தப் பெயர் இல்லாவிட்டால் அது எங்கள் ஊரே இல்லை.

வருத்தம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். அன்று இரவே இதழின் பக்கங்களைப் படம் எடுத்து நான்கைந்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டேன். மறுநாள் காலை கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தை நடத்துகிற ஐயா கூப்பிட்டார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். “இதழ் இன்னும் கடையில தொங்குதும்மா. நீ இப்படிப் போட்டா அதை யார் வாங்குவா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. கதை என்னுடையதுதானே என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு அங்கே வேலை பார்க்காத ஒருவர் எழுதிக் கொடுத்த கதைக்கு எழுதியவர்தான் முதல் உரிமையாளர். உரிமையைக் கொடுப்பதாக எழுதித் தந்தால் ஒழிய அது கைமாறாது. ஆனால் அந்தப் பக்கத்தில் இருக்கிற ஓவியம் இன்னொருவர் வரைந்தது, பக்கம் அமைத்தது இதழ். அதைப் பகிர்வதற்குக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படங்களை நீக்கிவிட்டு இதழுக்கு எழுதிக் கேட்டேன். அடுத்த இதழ் வந்த பிறகு பகிரலாம், இதழின் பெயரும் மாதமும் இருக்கட்டும் என்று இரண்டே வரியில் பதில் வந்தது. கேட்டால் கொடுக்கிறார்கள். எழுதத் தொடங்கியிருக்கிற என் வயதுக்காரர்கள் இதை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

அந்த ஒரு மாதம் காத்திருந்ததும் நல்லதாகவே முடிந்தது. குழுக்களில் போட்டபோது எனக்குக் கிடைத்தது நாற்பது கைகூப்பும் படங்கள். படித்தார்களா என்றே தெரியவில்லை. ஐயாதான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்து வாசிக்கச் சொன்னார். பத்து நாள் முன்னதாகவே பன்னிரண்டு ஜெராக்ஸ் எடுத்து நூலகத்தில் கொடுத்து வைத்தேன். எந்த வடிவத்தைக் கொடுப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். என் கையெழுத்துப் பிரதியில் பாமணி இருக்கிறது. ஆனால் வெளிவந்த கதை என்று சொல்லிவிட்டு வேறொன்றைக் கொடுப்பது சரியாகப் படவில்லை. காவிரி உள்ள பிரதியையே கொடுத்தேன்.

வீட்டில் கடிகாரம் வைத்து வாசித்துப் பார்த்தேன். முழுக்கதைக்கும் இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஏற்கெனவே படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அவ்வளவு வேண்டாம் என்று, இரவுக் காவல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். எட்டு நிமிடம். ஐயா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: எல்லோரும் பேசி முடிக்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது.

பதினாறு பேர் வந்திருந்தார்கள். வாசித்து முடித்ததும் டீ வந்தது, பக்கோடா வந்தது, பேச்சு வரவில்லை. என் கை வியர்த்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் பல வருடம் மூட்டை தூக்கிய ஒரு அண்ணன்தான் முதலில் தொடங்கினார். “சிப்பம் நாப்பது கிலோன்னு சரியா எழுதியிருக்கு. சாக்கு மாத்திப் போடுறதும் சரி. ஆனா மன்னார்குடிப் பக்கம் காவிரி எங்க ஓடுது?” கூட்டம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாற்றியது நான் இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது, ஐயா கண்ணால் அடக்கினார்.

அப்புறம்தான் அந்த அம்மா பேசினார். அறுபத்தைந்து வயது இருக்கும். இருபது வருடத்துக்கு மேல் நடவு ஆளாக வேலை பார்த்தவர், பேத்தியைக் கதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்திருந்தார். “ஏன் பாப்பா, அந்த ஆளு நாலு நா நெல்லுக்குக் காவல் கெடந்தாரு. சரி. அவருக்குச் சோறு யாரு கொண்டுபோனா? அந்தப் பொம்பள எங்க போச்சு?”

கதையில் மனைவி இரண்டு வரியில் வருகிறார். வாசலில் நின்று வழியனுப்புகிறார், அவ்வளவுதான். நான் பத்து முறைக்கு மேல் திருத்திய கதை அது. இதழிலும் படித்துத்தான் போட்டிருக்கிறார்கள். யாருக்கும் தோன்றாதது அவருக்கு ஒரே கேட்பில் தோன்றிவிட்டது. எனக்குப் பேச அனுமதி கிடைத்தபோது, ஆற்றின் பெயர் மாறிய விஷயத்தை மட்டும் சொன்னேன். சோற்று விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை, எழுதிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

ஆயிரம் பேருக்கு அனுப்புவதைவிட, நம் கதை நடக்கிற மண்ணில் வேலை செய்தவர்கள் பத்துப் பேர் முன்னால் உட்காருவது பெரிது என்று நான் நினைக்கிறேன். பயமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் பொய்யாகப் பாராட்ட மாட்டார்கள், கதையைத் தங்கள் வீட்டு விஷயமாக எடுத்துக்கொண்டு பேசுவார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் உட்கார்ந்து மூன்று பத்தி சேர்த்தேன். கதை தொகுப்பாக வரும்போது இந்த வடிவத்தில்தான் வரும், பாமணியும் திரும்பி வந்துவிடும். மழையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு நடக்கிற ஒரு பெண். அதை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப்போகும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“சோறு மட்டுமா கொண்டுபோனேன்?” என்றார். “தலையில தார்ப்பாய். மேலத்தெருவுல ரெண்டு வீட்டுல கேட்டு வாங்குனது. ஒண்ணு கிழிஞ்சிருந்துச்சு, ராத்திரியோட ராத்திரியா உக்காந்து தச்சேன். உங்கப்பாவுக்கே தெரியாது.”

இப்போது அந்தத் தார்ப்பாயை எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த நூலால் தைத்தார் என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.