செங்கல் சண்டை

மதுரை எய்ம்ஸ் ஆஸ்பத்திரி பத்தி யாராச்சும் ஒரு வரி போட்டா போதும், முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரு செங்கல் மீம்ஸா போட்டு நடுராத்திரி வரைக்கும் மல்லுக்கு நிக்கிறாய்ங்க. 2021 எலக்சன்ல உதயநிதி இதான் எய்ம்ஸுன்னு அந்த ஒத்தச் செங்கலத் தூக்கிக் காட்டுனப்ப நானும்தான் சிரிச்சேன், இல்லைங்கல. ஆனா தோப்பூர்ல அடிக்கல் நாட்டுனது 2019 ஜனவரி 27, மொத செட்டு பசங்க 50 பேரு 2022ல படிக்கச் சேந்தது ராமநாதபுரத்துல, இதைச் சொன்னா ஒருத்தன் சங்கி, பிஜேபி ஆளுங்கிறான், இன்னொருத்தன் உபி, திமுக ஆளுங்கிறான், அடுத்த நிமிசமே ஆத்தா அப்பன இழுக்குறாய்ங்க. கிண்டல் பண்ணுங்கண்ணே, நம்மூருல கிண்டல் இல்லாத டீக்கடை ஏது, வீட்டாளுகள மட்டும் விட்டுருங்க. உசிலம்பட்டியில இருந்து மொத பஸ் ஏறி வந்து பெரியாஸ்பத்திரி வாசல்ல காத்துக் கெடக்குறவுக எல்லாக் கட்சிக்கும்தான் ஓட்டுப் போட்டுருக்காக.