இங்கிலாந்தில் வீடு வாங்கியபோது கன்வேயன்சர் கேட்ட கேள்விகள்

இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது எஸ்டேட் ஏஜென்ட், மார்ட்கேஜ் தரும் வங்கி, சர்வேயர் என்று பலர் வந்துபோனாலும், சொத்து சட்டப்படி நம் பெயருக்கு மாறுவதற்குப் பொறுப்பேற்பவர் ஒருவரே. அவர் சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞராக இருக்கலாம். அல்லது சொத்து மாற்றத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட, உரிமம் பெற்ற கன்வேயன்சராக இருக்கலாம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பழைய வரிசை வீட்டை வாங்கியபோது நாங்கள் கன்வேயன்சர் ஒருவரிடம்தான் போனோம். அவர் என்ன செய்தார் என்பதை, இங்கே வீடு வாங்க எண்ணும் நம்மவர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நெடுங்காலம் சொலிசிட்டர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த இந்தத் தொழிலுக்குள் மற்றவர்களும் வர வழிசெய்தது 1985ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம். அதன்படி அமைந்த ‘கவுன்சில் ஃபார் லைசென்ஸ்டு கன்வேயன்சர்ஸ்’ தேர்ச்சி பெற்றவர்களுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனம் தொழில் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். சேவையில் குறை இருந்தால், சட்டச் சேவைகள் மீதான புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்பட்ஸ்மேனிடம் முறையிடலாம். சொத்து தொடர்பான தகராறு நீதிமன்றம் வரை போகும் என்று தோன்றினால் சொலிசிட்டரை நாடுவதே முறை. இவையெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்துபவை. ஸ்காட்லாந்தின் நடைமுறை வேறு.

எங்கள் விலையை விற்பவர் ஏற்றுக்கொண்ட அன்றே எஸ்டேட் ஏஜென்ட் ஒரு நிறுவனத்தைப் பரிந்துரைத்தார். இத்தகைய பரிந்துரைக்கு ஏஜென்ட்டுக்குப் பணம் கிடைப்பது இங்கே வழக்கம். அதை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும் என்பதும் விதி. விற்பனையை விரைவில் முடிக்க விரும்புபவர் காட்டும் ஆளிடம், விற்பனையை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்க வேண்டிய வேலையை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பெயரைச் சரிபார்த்து நாங்களே ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். கட்டணத்தோடு, சொத்து பற்றிய விவரங்களைத் தேடிப் பெறும் ‘சர்ச்’ (search) செலவு, பதிவுச் செலவு, வாட் வரி ஆகியவற்றையும் சேர்த்த மொத்தத் தொகையை எழுத்தில் பெற்ற பிறகே கையெழுத்திட்டோம்.

முதல் கடிதத்திலேயே அவர் கேட்டது எங்கள் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை. முன்பணத்தில் ஒரு பகுதி, ஊரில் நிலம் விற்று அப்பா அனுப்பிய பணம். 2017ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்பு விதிகளின்படி, எங்கள் சேமிப்புக் கணக்கை மட்டுமல்ல, அப்பாவின் பணம் உருவான விதத்தையும் அவர் பார்த்தாக வேண்டும். நிலத்தின் கிரயப் பத்திரம், அதன் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு, விற்ற தொகை அப்பாவின் கணக்கில் வரவான வங்கி அறிக்கை, அங்கிருந்து பணம் அனுப்பியதற்கான ஏ2 படிவம் என ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டம் இடமளிப்பதால், தொகை அந்த வரம்புக்குள் இருப்பதையும் குறித்துக்கொண்டார். பத்திரத்தில் எழுதிய விலையும் வங்கியில் விழுந்த தொகையும் ஒன்றாக இருந்ததால் இந்தக் கட்டத்தைக் கடந்தோம். ஊர் வழக்கப்படி வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரத்தை எழுதி மீதியை ரொக்கமாக வாங்கியிருந்தால், அந்த ரொக்கத்துக்கு இங்கே கணக்குக் காட்டவே முடியாது. நிலம் விற்றுப் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெயரும் ஒரு கேள்வியாயிற்று. அப்பாவின் வங்கிக் கணக்கில் இனிஷியலோடு சுருங்கியிருந்த பெயர், பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயரையும் சேர்த்து நீண்டிருந்தது. இரண்டும் ஒருவரே என்பதற்கு விளக்கக் கடிதம் கொடுத்தோம். அதோடு, இந்தப் பணம் அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் தனக்குப் பங்கு கோரமாட்டேன் என்று அப்பா கையெழுத்திட்ட கடிதமும் தேவைப்பட்டது. மகனுக்குக் கொடுத்த பணத்துக்கு எதற்குக் கடிதம் என்று அப்பா வருந்தினார். கன்வேயன்சர் எங்களுக்காக மட்டுமின்றிக் கடன் தரும் வங்கிக்காகவும் செயல்படுகிறார், வீட்டில் வேறொருவருக்கு உரிமை இருந்தால் வங்கியின் ஈடு பலவீனப்படும் என்று விளக்கிய பிறகு சமாதானமானார்.

உரிமையைச் சரிபார்க்கும் முறை, ஊரில் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்துப் பழகிய எனக்குப் புதிதாக இருந்தது. நம் நாட்டில் பதிவாவது பத்திரம், இங்கே அரசின் நிலப் பதிவுத் துறையான ஹெச்.எம். லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவாவது உரிமையே, அதற்கு அரசு உத்தரவாதமும் உண்டு. சொத்தின் விவரம், உரிமையாளர், அடமானம் என மூன்று பகுதிகள் கொண்ட அந்தப் பதிவேட்டை அவர் வரி வரியாக எங்களுக்கு விளக்கினார். சாலை விரிவாக்கத் திட்டம், கழிவுநீர் இணைப்பு, வெள்ள அபாயம் போன்றவற்றுக்கான சர்ச்சுகள் பெரிய சிக்கலின்றி வந்து சேர்ந்தன.

சிக்கல் சமையலறையில் இருந்தது. வீட்டின் பின்பக்கம் நீட்டிக் கட்டியிருந்த சமையலறைக்கு, கட்டட விதிகளின்படி வேலை முடிந்ததாக உள்ளாட்சி மன்றமான கவுன்சில் தரும் சான்றிதழ் விற்பவரிடம் இல்லை. ஏஜென்ட் இது சாதாரண விஷயம் என்று சொல்லி எங்களை விரைவுபடுத்திக்கொண்டே இருந்தார். கன்வேயன்சரோ கையெழுத்திட விடவில்லை. அதைவிட முக்கியமாக, இது பற்றிக் கவுன்சிலுக்குத் தொலைபேசியில்கூடப் பேசாதீர்கள் என்று எச்சரித்தார். கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் ஈடுசெய்யும் இன்டெம்னிட்டி காப்பீடு ஒன்று உண்டு. கவுன்சிலை யாரேனும் அணுகிவிட்டால் காப்பீட்டு நிறுவனம் அதைத் தர மறுத்துவிடும். ஆனால் அந்தக் காப்பீடு நடவடிக்கையால் வரும் இழப்பை மட்டுமே ஏற்கும், சுவர் பலவீனமாக இருந்தால் உதவாது என்பதையும் அவரே தெளிவுபடுத்தினார். ஆகவே கட்டட அமைப்புப் பொறியாளரை அழைத்துப் போய் உத்திரத்தையும் அஸ்திவாரத்தையும் பார்க்கச் செய்தோம். உறுதியாக இருக்கிறது என்று அவர் அறிக்கை தந்த பிறகு, காப்பீட்டுக்கான பிரீமியத்தை விற்பவரே கட்டுவதாக முடிவாயிற்று. கன்வேயன்சர் இதை வங்கிக்கும் தெரிவித்து ஒப்புதல் பெற்றார்.

இவ்வளவும் ஒப்பந்தம் கைமாறும் எக்ஸ்சேஞ்சுக்கு முன்பே நடந்தாக வேண்டும். அதுவரை இரு தரப்பில் யாரும் விலகிக்கொள்ளலாம்; விற்பவர் கூடுதல் விலைக்கு வேறொருவரிடம் போனாலும் சட்டம் தடுக்காது. எக்ஸ்சேஞ்ச் ஆனபின் நாம் பின்வாங்கினால், வழக்கமாகப் பத்து சதவீதமாக உள்ள முன்பணத்தை இழக்க நேரிடும். கேள்விகள் முடியும் முன்பே அவசரப்படுத்தும் எந்தக் குரலுக்கும் அதனால்தான் செவிசாய்க்கக் கூடாது என்கிறேன். எக்ஸ்சேஞ்ச் அன்றே வீட்டுக் காப்பீடு தொடங்க வேண்டும் என்றும் அவர் நினைவூட்டினார்.

பணம் அனுப்பும் கட்டத்தில் மிகுந்த கவனம் தேவை. கன்வேயன்சரின் மின்னஞ்சல் போலவே போலி மின்னஞ்சல் அனுப்பி, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று ஏமாற்றும் மோசடி இந்நாட்டில் பலரின் சேமிப்பைப் பறித்திருக்கிறது. முதல் நாள் தந்த கடிதத்தில் இருந்த எண்ணுக்கு நாங்களே அழைத்து, கணக்கு எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்து, ஒரு பவுண்டு அனுப்பி, அது கிடைத்ததை உறுதிசெய்துகொண்டு மீதியை அனுப்பினோம்.

சாவி கைக்கு வந்த பிறகும் அவர் வேலை முடியவில்லை. முத்திரை வரிக்கான கணக்கை 14 நாட்களுக்குள் தாக்கல் செய்து, பெயர் மாற்றத்துக்கு லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் விண்ணப்பித்தார். புதிய பதிவேட்டு நகல் வந்ததும் எங்கள் இருவர் பெயரின் எழுத்துகளையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு, நம் வீட்டின் பதிவில் யாராவது மாற்றம் கோரினால் மின்னஞ்சலில் எச்சரிக்கும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் இலவசச் சேவையில் சேரச் சொன்னார். அன்று மாலையே சேர்ந்துவிட்டோம்.