மூன்றாவது பெட்டி

மட்டக்களப்பு கல்லடியில் மாடியறை ஒன்றில் ஏழு பேர் வேலை செய்கிற சின்ன மென்பொருள் கந்தோர் எங்களுடையது. எல்லா வேலையும் ஜிரா என்ற வேலைப் பதிவு மென்பொருளில் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும். ஆனால் திங்கட்கிழமை நான் திரையில் காட்டினால்தான் மற்றவர்கள் அதைப் பார்ப்பார்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நிறக் கடதாசி வாங்கிவந்து, சுவரில் நாலு பெட்டி கீறினேன்: செய்யவேண்டியது, செய்வது, சோதனை, முடிந்தது. ஒரு வேலைக்கு ஒரு கடதாசி, வேலை நகர நகர அதுவும் பெட்டி மாறும்.

இதைக் கான்பான் என்பார்கள். டொயோட்டா கார்த் தொழிற்சாலையில் தாயீச்சி ஓனோ என்ற பொறியியலாளர் வளர்த்தெடுத்த முறை. அங்கே அடுத்த கட்டத்தில் இருப்பவர் அட்டை அனுப்பிக் கேட்டால்தான் அதற்கு முந்தின கட்டத்தில் இருப்பவர் இன்னொரு பாகத்தைச் செய்வார். இந்தக் கேட்டால்தான் செய்வது என்ற பாதியை நான் அப்போது கவனிக்கவில்லை. சுவர் நிறையக் கடதாசி ஒட்டினால் போதும் என்று நினைத்தேன்.

முதல் கிழமையே கரண்ட் போய், ஜன்னலைத் திறக்க, கடல்காற்றில் பாதிக் கடதாசி பறந்தது. ஒன்று அலுமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. வாடிக்கையாளர் போன் எடுத்துக் கேட்கும்வரை அந்த வேலை யாருக்கும் நினைவில்லை. அப்புறம் ரெஜிபோம் பலகை வாங்கிக் குண்டூசியால் குத்தினோம்.

மூன்றாம் கிழமை, சோதனை பார்க்கிற தங்கச்சி பலகைக்கு முன்னால் நின்று, “அண்ணன், என்ர பெட்டிக்குள்ள மட்டும் ஏன் இவ்வளவு?” என்று கேட்டா. எண்ணினோம்: 11. ‘செய்வது’ பெட்டியில் நாலுதான். அதுவரை அவதான் மெதுவு என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். மிச்ச வேலையைக் காட்டும் பேர்ண்டவுன் கோடு எட்டு நாள் அசையாமல் கிடந்து கடைசி இரண்டு நாளில் செங்குத்தாக விழுவதற்கும் அவவைத்தான் காரணம் சொன்னேன். ஐந்து பேர் எழுதித் தள்ளுவதை ஒருத்தி சோதிக்கிறா என்ற கணக்கு, கடதாசி குவிந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

2013இல் புதுப்பாலம் திறக்கும்வரை கல்லடிப் பழைய பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் இறங்கினால்தான் மறுபக்கம் ஏறலாம். அரசடியிலிருந்து எவ்வளவு விரட்டி வந்தாலும் பாலத்தடியில் நிற்கத்தான் வேண்டும். நாங்கள் விரட்டிக்கொண்டிருந்தோம்.

சரி என்று, சோதனைப் பெட்டியின் தலையில் பெரிதாக 3 எழுதினேன். மூன்றும் நிரம்பினால் யாரும் புதிதாக எழுதக்கூடாது. அவவோடு இருந்து சோதிக்கவேண்டும். முணுமுணுப்பு வந்தது. “கோட் எழுதத்தானே அண்ணன் நான் வந்த?” என்றான் ஒரு தம்பி. முறைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தவன், அரைமணித்தியாலத்தில் தன்னுடைய பிழை இரண்டைத் தானே கண்டுபிடித்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கக்கூட எழும்பாமல் இருந்தான்.

ஜிராவை விடவில்லை. கொழும்பிலிருக்கும் வாடிக்கையாளர் பார்ப்பது அதைத்தான். பின்னேரம் ஒருவர் பலகையைப் பார்த்து ஜிராவில் ஏற்றவேண்டும். இரட்டை வேலைதான், முறை வைத்துச் செய்கிறோம். வெள்ளிக்கிழமை என் முறை. அதிகம் மறப்பதும் நான்தான்.