எரிபொருள் வராத குளிர்காலத்தில் சிந்துபால்சௌக்

2015 நவம்பரில் நிலநடுக்க நிவாரண வேலைக்காக நேபாளம் போனேன். அந்த ஏப்ரல் 25-ம் தேதி 7.8 அளவில் பூமி குலுங்கியதில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்திருந்தார்கள். இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிந்துபால்சௌக் மாவட்டத்துக்காரர்கள். காத்மாண்டுவின் வடகிழக்கே திபெத் எல்லை வரை நீளும் மலைப்பகுதி அது. அங்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கு மூங்கிலும் தகரமும் கொண்டு தற்காலிக வகுப்பறை கட்டும் குழுவில் எனக்கு இடம் கிடைத்தது.

நான் கிளம்பிய நேரத்தில் நாடு வேறொரு நெருக்கடியில் இருந்தது. செப்டம்பர் 20-ல் புதிய அரசியலமைப்பு அமலுக்கு வந்தது. மாகாண எல்லை, தொகுதிப் பங்கீடு, குடியுரிமை விதிகள் எல்லாமே தங்களை ஓரங்கட்டுகின்றன என்று தெற்குச் சமவெளியில் வாழும் மாதேசிகளும் தாருக்களும் அதற்கு முன்பிருந்தே போராடிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் மேற்குச் சமவெளி ஊரான டிகாபூரில் நடந்த போராட்டத்தில் போலீஸ்காரர்களும் ஒரு சிறு குழந்தையும் கொல்லப்பட்டார்கள். சமவெளி ஊர்களில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போராட்டக்காரர்கள் பலர் செத்தார்கள். மொத்தத்தில் 50 பேருக்கு மேல். அப்புறம் போராட்டக்காரர்கள் நேபாளத்தின் பீர்கஞ்சுக்கும் இந்தியாவின் ரக்சவுலுக்கும் நடுவிலுள்ள எல்லைப் பாலத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நாட்டின் எரிபொருளில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் வரும். இந்தியாதான் லாரிகளை நிறுத்துகிறது என்றது நேபாள அரசு. பாதுகாப்பில்லாததால் லாரிக்காரர்களே போக மறுக்கிறார்கள் என்றது இந்தியா. திபெத் பக்கம் போகும் கோதாரி சாலையை நிலநடுக்கம் ஏற்கெனவே மூடியிருந்தது.

காத்மாண்டுவில் இறங்கியதும் கண்ணில் பட்டவை வரிசைகள்தான். பெட்ரோல் பங்க் முன்னால் ஆளில்லாத மோட்டார் சைக்கிள்கள் தெருமுனை தாண்டியும் நின்றன. காலி கேஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து நடைபாதையில் இடம்பிடித்து வைத்திருந்தார்கள். காத்திருந்து வாங்கினாலும் பாதி நிரப்பிய சிலிண்டர்தான். நான் தங்கிய விடுதியின் பின்கட்டில் மூன்று செங்கல் வைத்து விறகில் சமைத்தார்கள். கள்ளச்சந்தையில் பெட்ரோல் பல மடங்கு விலைக்குப் போனது.

சிந்துபால்சௌக்கின் தலைநகரான சௌதாரா போகும் பஸ்ஸின் கூரையிலும் ஆட்கள். உள்ளே ஒற்றைக்காலில் நின்று துலிகேல் வரை போனேன். தோலால்காட்டில் ஆற்றைக் கடந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து இருபுறமும் சரிந்த கல் வீடுகள், அவற்றின் பக்கத்திலேயே பழைய மரச்சட்டங்களில் அறைந்த தகரக் கொட்டகைகள். நவம்பர் இரவில் தகரத்தின் உட்புறம் பனி படிந்து, விடியலில் படுக்கை மேல் சொட்டும். கைக்குழந்தைக்காரர்கள் தகரத்துக்கு அடியில் வைக்கோலைக் கட்டி வைத்திருந்தார்கள். 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட 30 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அந்தக் குளிரில் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று யூனிசெஃப் எச்சரித்ததும் அந்த மாதக் கடைசியில்தான்.

மூங்கில் கிராமத்திலேயே கிடைத்தது. தகரமும் ஆணியும் காத்மாண்டு கிடங்கில் இருந்தன, ஏற்றி வர லாரிக்கு டீசல் இல்லை. கடைசியில் பஸ் கூரையில் சில தகடுகளாகக் கொண்டுவந்தோம். ரோடு முடிகிற இடத்திலிருந்து ஊர்ப் பெண்கள் நெற்றியில் நாம்லோ பட்டை மாட்டி முதுகில் சுமந்தார்கள். காற்றடித்தால் நீளத் தகரம் ஆளையே திருப்பிவிடும். ஆகவே ஒரு தகட்டுக்கு இரண்டு பேர், முன்னும் பின்னுமாக. நாள் முழுக்க நடந்தால் ஒரு கூரையின் ஒரு சரிவுக்குத்தான் வரும். அந்தப் பெண்கள் பலருக்கும் சொந்த வீடு இன்னும் எழும்பவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத் தகரத்தை முதலில் சுமந்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நான் இந்தியன் என்பது முதல் நாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் ஒரு பெரியவர் ஹிந்தியில் கேட்டார்: "பாயி, உங்க நாடு எங்க வழியை ஏன் மறிக்குது?" எனக்குப் பதில் தெரியவில்லை என்றேன். "உன்மேல கோபம் இல்ல. எங்க மருந்து நிக்குதே, அதான் கேக்கறேன்" என்று சொல்லி டீயை என் பக்கம் நகர்த்தினார். பால் இல்லாத டீ. சர்க்கரையும் குறைவுதான்.

எங்கள் குழுவில் தெற்குச் சமவெளியின் ஜனக்பூர் பக்கத்து மாதேசி இளைஞன் ஒருவன் இருந்தான், சிவில் இன்ஜினியர். என்னை தாஜு, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். பல தலைமுறைகளாக நேபாளத்தில் இருந்தாலும் காத்மாண்டுவில் தன்னை "எந்த ஊர், இந்தியாவா?" என்று கேட்பார்கள் என்றான். அவன் அக்காவைக் கட்டியவர் எல்லைக்கு அந்தப் பக்கத்து பீகார்காரர். புதிய விதிப்படி அவர்கள் குழந்தைக்கு முழுக் குடியுரிமை கிடைக்குமா என்பது அவன் வீட்டுக் கவலை. அதே ஆள்தான் காலையில் எழுந்து மலைக்காரப் பிள்ளைகளின் வகுப்பறைக்கு மூலை மட்டம் பார்ப்பான். ஊர்க்காரர்கள் முற்றுகையைத் திட்டும்போது குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருப்பான். ஒருநாள் மாலை அவனே அவர்களிடம் சொன்னான்: "எங்க கோரிக்கை நியாயம். ஆனா உங்க குழந்தை குளிர்ல நடுங்கறது எனக்குச் சம்மதமில்ல." யாரும் பதில் பேசவில்லை. ஒருத்தர் அவனுக்குச் சோளப்பொரி நீட்டினார்.

என் கருத்தும் அவன் கருத்துதான். சமவெளி மக்களுக்கு நடந்தது அநியாயம். அதற்காக நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களின் மருந்தையும் எரிபொருளையும் நெருக்கியதும் அநியாயம். இதில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க என்னால் முடியாது.

இப்படிப்பட்ட நேரத்தில் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் சாப்பிடும் சோற்றுக்கும் குளிர் காயும் விறகுக்கும் ஊர் கணக்குப் பார்க்காது, நாம்தான் பார்க்க வேண்டும். நாங்கள் அரிசியும் பருப்பும் காத்மாண்டுவில் வாங்கித் தூக்கிக்கொண்டு போனோம். வேலைக்குத் தகரம் இல்லாத நாட்களில் ஆள் எண்ணிக்கையைக் குறைத்து, பாதிப்பேர் கீழே இறங்கினோம். மேலே இருந்தவர்கள் ஊரோடு சேர்ந்து விறகு வெட்டினோம், தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டினோம்.

டிசம்பரில் நான் கிளம்பும்போது இரண்டு வகுப்பறைகள் முடிந்து பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாவது அறை மூங்கில் எலும்புக்கூடாகவே நின்றது. ஜனவரி 23-ல் அரசியலமைப்பில் முதல் திருத்தம் வந்தது. மாகாண எல்லை மாறவில்லை என்பதால் மாதேசிக் கட்சிகளுக்கு அது போதவில்லை. பிப்ரவரியில் பாலம் திறந்து லாரிகள் ஓடின. மூன்றாவது அறைக்குத் தகரம் லாரியிலேயே வந்துவிட்டது என்று ஜனக்பூர் தம்பி போன் செய்தான். அக்கா குழந்தைக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்கள் என்றான்.