பின்னுதைப்புக் கணக்கு: கல்லடியிலிருந்து ஒரு நாட்குறிப்பு

2025 யூன் 14, சனி

ரொறன்ரோவில் வசிக்கும் மருமகன், ஒன்பது மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியால் கடதாசி இலக்குகளையும் இரும்புத் தகடுகளையும் சுடும் போட்டிகளில் சில காலமாகப் பங்குபற்றி வருகிறார். 2022 ஒக்ரோபரில் கனடா அரசு கைத்துப்பாக்கி விற்பனையையும் கைமாற்றத்தையும் நிறுத்துவதற்கு முன்னரே வாங்கிப் பதிவு செய்த துப்பாக்கி அது. கடை ரவையை விட்டுத் தாமே அளந்து அடைத்த ரவைக்கு மாறிய பின்னர் கையில் உதை வெகுவாகக் குறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். கூடவே ஒரு கேள்வி: "மாமா, பாரமான சன்னத்தைப் போட்டால் உதை குறையும் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். பாரமானதுதானே கூடுதலாக உதைக்க வேண்டும்? நீங்கள் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவர், கணக்காகச் சொல்லுங்கள்."

கேள்வி நல்ல கேள்வி. நம் இலங்கையில் 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல் துவக்கைத் தொடவே முடியாது என்பதால், இதை நான் தாளில் மட்டுமே செய்து பார்க்கப் போகிறேன். கணக்கு நகர நகர இங்கே பதிவிடுகிறேன்.

யூன் 15, ஞாயிறு

ஒரு ரவை என்பது பித்தளைக் கோது, அதன் அடியில் அடிபட்டதும் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் சன்னம் என்ற நான்கும் சேர்ந்தது. கோதைத் திரும்பப் பயன்படுத்துபவர் மற்ற மூன்றையும் தாமே தெரிவு செய்கிறார். நியூற்றனின் விதிப்படி சன்னமும் வாயுவும் முன்னோக்கிக் கொண்டு செல்லும் மொத்த உந்தம் (திணிவை வேகத்தால் பெருக்கி வருவது) எவ்வளவோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கும். இதை ஏமாற்ற எந்தத் தெரிவாலும் இயலாது.

மருமகன் பங்குபற்றும் போட்டியின் விதிகளை வகுக்கும் ஐபிஎஸ்சி என்ற சர்வதேச அமைப்பு 1976 இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது. உதையே இல்லாத பொம்மை ரவையுடன் ஒருவர் வந்து வென்றுவிடாமல் இருப்பதற்காக, அவர்கள் ஒரு கீழ் எல்லை வைத்திருக்கிறார்கள். கிரெயினில் அளந்த சன்னத்தின் திணிவை, செக்கனுக்கு எத்தனை அடி என்று அளந்த வேகத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும். ஒரு கிரெயின் 0.0648 கிராம். இந்தப் போட்டி எண் உந்தத்தை வேறு அலகில் சொல்வதேயன்றி வேறில்லை. அளவிடும் நாளில் எண் 125 க்குக் கீழே விழுந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிறிது இடைவெளி விட்டு 130 என்று வைத்துக்கொள்வது வழக்கம் என்கிறார் மருமகன்.

அப்படியானால் 115 கிரெயின் சன்னம் செக்கனுக்கு 1130 அடியும், 124 கிரெயின் 1048 அடியும், 147 கிரெயின் 884 அடியும் போனால் போதும். மூன்றிலும் சன்னத்தின் உந்தம் ஒன்றே: செக்கனுக்கு 2.57 கிலோகிராம் மீற்றர். பாரம் கூடினால் வேகம் குறைகிறது, ஆகவே மருமகனின் கேள்வியில் உள்ள முரண் இவ்விடத்திலேயே பாதி கரைந்துவிடுகிறது. சன்னத்தின் இயக்கச் சக்தி மட்டும் 442 யூலிலிருந்து 346 யூலுக்கு இறங்குகிறது. அது இலக்கின் பாடு, சுடுபவரின் கையுடைய பாடு அன்று.

யூன் 21, சனி

மீதிப் பாதி வாயுவில் இருக்கிறது. எரிந்த மருந்து எங்கும் மறைந்து போவதில்லை, அதே திணிவுடைய வாயுவாகக் குழல் வாயிலிருந்து சன்னத்தை விட வேகமாக வெளியேறுகிறது. கைத்துப்பாக்கிகளுக்கு அந்த வேகத்தைச் சன்ன வேகத்தின் ஒன்றரை மடங்காகக் கொள்வது நடைமுறை. இலேசான சன்னத்தை வேகமாகத் தள்ளக் கூடுதல் மருந்து வேண்டும், பாரமானதை மெதுவாகத் தள்ளக் குறைவாகப் போதும். கணக்குக்காக மட்டும் முன்னதற்கு 5 கிரெயின், பின்னதற்கு 3.5 கிரெயின் என்று எடுத்துக்கொண்டேன். இவை அடைக்கும் அளவுகள் அல்ல, எந்த மருந்துக்கும் உரியவை அல்ல. அடைப்பவர் மருந்து உற்பத்தியாளரின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

வாயுவின் பங்கு முதலாவதில் 0.167, இரண்டாவதில் 0.092. துப்பாக்கியின் திணிவை ஒரு கிலோகிராம் என்று கொண்டால், பின்னோக்கி வரும் சக்தி 115 கிரெயினுக்கு 3.74 யூல், 147 கிரெயினுக்கு 3.54 யூல். இனி மருமகன் முன்னர் வாங்கிய கடை ரவையைப் பார்ப்போம். 124 கிரெயின், செக்கனுக்கு 1150 அடி, அதே 5 கிரெயின் மருந்து என்று கொண்டால் 4.46 யூல் வருகிறது.

ஆகவே உதை மொத்தமாக 0.92 யூலால் குறைந்திருக்கிறது. அதில் 0.72 யூல், போட்டி எண்ணை 143 இலிருந்து 130 க்கு இறக்கியதால் மட்டும் குறைந்தது. எல்லாரும் புகழும் பாரமான சன்னம் தந்தது 0.20 யூல்தான், ஏறத்தாழ ஐந்து வீதம். சுடுகளத்தில் பேசப்படுவதும் தாளில் விழுவதும் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சன்னத்தின் வேகத்தை முதன்முதலில் நம்பத்தக்க முறையில் அளந்தவர் பெஞ்சமின் ரொபின்ஸ் என்ற ஆங்கிலேயர். 1742 இல் அவர் விவரித்த முறையில், தொங்கும் மரக்கட்டைக்குள் சன்னத்தைச் சுட்டு, கட்டை ஆடிய தூரத்திலிருந்து உந்தக் காப்பைக் கொண்டு வேகத்தைப் பெறலாம். அவர் பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் கோட்டைகளைச் சீர்செய்ய வந்து, 1751 இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் சென் டேவிட் கோட்டையில் காலமானார். நமது கடலின் மேற்குக் கரைதான் அது. உயர்தர வகுப்பில் இந்த எறிபடை ஊசல் கணக்கை எத்தனையோ தரம் செய்வித்திருந்தும் இதை ஒரு தரமேனும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் ஓய்வு பெற்றேன்.

யூன் 29, ஞாயிறு

படுவான்கரையில் சிறுபோக வயல் வைத்திருக்கும் பெரியப்பாவிடம் பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற பன்னிரண்டு போர் (குழல் விட்டத்தின் அளவு) துவக்கு ஒன்று உண்டு. பன்றிக்காக வைத்திருப்பது. கணக்கைச் சொன்னபோது, "அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு உதையா மகன்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 30 கிராம் சிறுகுண்டுகள் செக்கனுக்கு 400 மீற்றர் வேகத்தில் போனால் உந்தம் 12, அதாவது வாயுவைச் சேர்க்காமலே கைத்துப்பாக்கியின் நாலரை மடங்கு. மூன்று கிலோ துவக்கில் அது 24 யூல்.

ஆனால் அவர் அதைத் தோளில் இறுக்கி வைத்துச் சுடுகிறார். இறுக்கினால் உடம்பின் திணிவும் துவக்கோடு சேர்ந்துகொள்கிறது, தளர்த்திப் பிடித்தால் துவக்கு தனியே வேகமெடுத்து வந்து தோளில் மோதுகிறது. திணிவின் பலன் கைத்துப்பாக்கியிலும் அப்படித்தான். ஒரு கிலோவுக்குப் பதிலாக 1.3 கிலோ எடையுள்ள உருக்குச் சட்டத் துப்பாக்கியை எடுத்தால் 3.54 யூல் 2.72 ஆகிறது. ரவையில் செய்த மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து தந்ததற்குக் கிட்டத்தட்ட ஈடான குறைவை 300 கிராம் உருக்கு தனியே தந்துவிடுகிறது. மருமகனுக்கு இது பிடிக்காது.

யூலை 5, சனி

பிடிக்கவில்லை. "மாமா, ஐந்து வீதம் என்று நீங்கள் சொல்கிறீர்கள், என் கை வேறு சொல்கிறது" என்று பதில் வந்தது. கையை நான் பொய்யன் என்று சொல்ல மாட்டேன். மேலே கண்டவை உதையின் அளவைச் சொல்கின்றன, அது எப்படி வந்து சேர்கிறது என்பதைச் சொல்லவில்லை.

தானியங்கிக் கைத்துப்பாக்கியில் உதை ஒரே அடியாகக் கைக்கு வருவதில்லை. முதலில் மேலே உள்ள ஸ்லைட் என்ற நகரும் உலோகப் பகுதி பின்னோக்கி ஓடிச் சுருளிவில்லை அமுக்குகிறது. ஓட்டத்தின் முடிவில் சட்டத்தில் மோதுகிறது. பிறகு வில் அதை முன்னோக்கித் தள்ள, மறுமுனையில் இன்னொரு மோதல் நிகழ்ந்து குழல் வாய் சற்றுக் கீழே குனிகிறது. மொத்த உந்தம் மாறாவிட்டாலும், ஸ்லைட் பின்முனையில் மோதும் வேகம் சற்றுக் குறைந்தால் கை அதைப் பெரிய வித்தியாசமாக உணர்கிறது. இறக்கிய ரவைக்கு ஏற்ப மென்மையான வில்லையும் மாற்றிப் போடுபவர்களுக்கு முன்னோக்கிய குனிவும் குறைகிறது. மருமகன் வில்லையும் மாற்றியிருக்கிறார் என்பதை இரண்டாவது கடிதத்தில்தான் சொன்னார்! அவர் சன்னத்துக்குக் கொடுத்த பாராட்டில் ஒரு பங்கு வில்லுக்குச் சேர வேண்டியது.

அடுத்தது சத்தம். 147 கிரெயின் சன்னம் செக்கனுக்கு 270 மீற்றர், ஒலியை விட நன்றாகக் குறைவு, ஆகவே காற்றைக் கிழிக்கும் அந்தக் கூர்மையான வெடிப்பு இல்லை. 115 கிரெயின் சன்னம் 344.4 மீற்றர், சரியாக எல்லையில் நிற்கிறது. 10 பாகை செல்சியசில் ஒலியின் வேகம் 337 மீற்றர் அளவு. கச்சான் வீசும் இந்த நாட்களில் கல்லடியில் 33 பாகை, ஒலியின் வேகம் 351. ரொறன்ரோவின் இளவேனிலில் ஒலியை முந்தும் சன்னம் அதே வேகத்தில் இங்கே வந்தால் ஒலிக்குப் பின்தங்கிவிடும். சத்தம் கூடினால் உதை கூடியதாகவே மனம் எண்ணும்; காதுக் கவசத்தை இரட்டிப்பாக்கிப் பார்க்கும்படி எழுதினேன்.

விரைவாக எரியும் மருந்தைக் குறைந்த அளவில் போட்டால், சன்னம் குழல் வாயை விட்டு வெளியேறும் வேளையில் அமுக்கம் தாழ்ந்திருக்கும். வாயுவின் வெடிப்பும் தணிவாக இருக்கும். ஆனால் அதே மருந்துதான் அறைக்குள் அமுக்கத்தைச் சடுதியாக உச்சத்துக்கு ஏற்றுவது. கைக்கு மென்மையான ரவை அறைக்கும் மென்மையானது என்று எண்ணி அளவைச் சற்றே கூட்டுபவர்கள்தான் துப்பாக்கியை உடைக்கிறார்கள்.

யூலை 10, வியாழன், போயா

மருந்தின் அளவை இறக்கிக்கொண்டே போனால் என்ன என்று மருமகன் கேட்டிருக்கிறார். இதற்கு நீண்ட பதில் எழுதினேன், கண்டிப்பாகவும் எழுதினேன்.

முதலில் ஸ்லைட் முழுத்தூரம் ஓடாமல் வெற்றுக் கோது சிக்கும். அது தொல்லை மட்டுமே. அதற்கும் கீழே போனால் சன்னம் குழலுக்குள்ளேயே நின்றுவிடும். சத்தம் மந்தமாக இருந்ததைக் கவனியாமல் அடுத்த ரவையைச் சுட்டால் குழல் வீங்கும், அல்லது வெடிக்கும். விரைவு மருந்தில் இன்னொரு ஆபத்து: அளவு சிறியது என்பதால் கோதின் அடியில் கொஞ்ச இடத்தைத்தான் நிரப்பும், ஒரே கோதில் இரண்டு தரம் விழுந்தாலும் மேலே வழிந்து காட்டிக்கொடுக்காது. ஒவ்வொரு கோதையும் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்த பின்னரே சன்னத்தை வைக்க வேண்டும். எச்110 போன்ற மெதுவான மருந்தைக் குறைத்து அடைப்பதை உற்பத்தியாளரே தடுத்திருக்கிறார்; அது குறைந்த அளவில் சீராக எரியாது. அட்டவணையின் கீழ் எல்லையும் மேல் எல்லையைப் போலவே ஓர் எல்லை.

இறக்கத்தான் வேண்டுமென்றால் ரிவோல்வர் வசதியானது, ஏனெனில் அதில் ஓட வேண்டிய ஸ்லைட் இல்லை. 1898 இல் வந்த 38 ஸ்பெஷல் ரவையை, அதே விட்டமுடைய 357 மக்னம் ரிவோல்வரில் சுடலாம். மறுவளம் சுடக் கூடாது. தட்டை முகமுள்ள 148 கிரெயின் சன்னத்தைச் சிறு மருந்தில் அடைத்தால், பாரமான மக்னம் சட்டத்தில் உதை மிகத் தணிவாக இருப்பதுடன் கடதாசியில் ஓட்டையும் வெட்டியது போல் சுத்தமாக விழும்.

யூலை 13, ஞாயிறு

147 கிரெயினுக்கு மாறிய பின்னர் சூடுகள் எல்லாம் இலக்கின் மேற்பக்கம் விழுவதாக முறைப்பாடு. மெதுவான சன்னம் கீழே அல்லவா விழ வேண்டும் என்கிறார். குழலுக்குள் சன்னம் இருக்கும் நேரம் ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவு, ஆனால் உதை அந்த நேரத்துக்குள்ளேயே தொடங்கிக் குழல் வாயை உயர்த்தத் தொடங்கிவிடுகிறது. மெதுவான சன்னம் சற்றுப் பிந்தி வெளியேறுவதால், சற்று உயர்ந்த வாயிலிருந்து வெளியேறுகிறது. பத்துப் பதினைந்து மீற்றர் தூரத்தில் புவியீர்ப்பு அதைத் திருத்தப் போதாது. குறிபார்க்கும் அமைப்பின் பின்பகுதியான பின்குறியைக் கொஞ்சம் இறக்கும்படி எழுதியிருக்கிறேன். அடுத்த மாதப் போட்டிக்கு முன்னர் 124 கிரெயினையும் அதே 130 எண்ணில், வில்லை மாற்றாமல், சுட்டுப் பார்த்து எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.