முதலில் சுருதி, பிறகு மைல்ஸ் டேவிஸ்

கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு மேற்கத்திய இசையில் மூன்று எல்பி (பெரிய இசைத்தட்டு) சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். அவற்றைப் பற்றிப் பேசுமுன் தட்டு சுழலும் வேகத்தைப் பார்த்துவிட வேண்டும். பெங்களூரில் அல்சூர், மல்லேசுவரம் பக்கம் வீடுகளில் அமெரிக்க உறவினர் கொண்டுவந்த டர்ன்டேபிள் (இசைத்தட்டு பிளேயர்) உண்டு. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அமெரிக்காவின் 60 ஆக்காது. ஹெர்ட்ஸுக்கு ஏற்ப வேகம் மாறும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் என்றால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும், சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கும். பெல்ட் தட்டைச் சுழற்றும் வகையில் (பெல்ட் டிரைவ்) மோட்டாருக்கு 1.2 மடங்கு விட்டமுள்ள புல்லி போட்டால் தீர்ந்தது. வேகத்தைச் சோதிக்கத் தட்டின்மேல் வைக்கும் ஸ்ட்ரோப் தாளில் 180 கோடு இருக்கட்டும்; வேகம் சரியென்றால் கோடுகள் நின்றதுபோல் தெரியும். 216 கோடு அமெரிக்கக் கணக்கு. அதற்குப் பழைய குண்டு பல்பு வெளிச்சம் வேண்டும், பல எல்இடிகளில் கோடுகள் தெளியாது.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' (1959) வேறு வகைச் சிக்கல். முதல் பக்கத்தைப் பதிந்த டேப் மெஷின் மெதுவாக ஓடியதால், எல்பியில் அந்த மூன்று பாட்டும் சுருதி கூடி ஒலித்தன, 1990களில்தான் திருத்தினார்கள். கண்டுபிடிக்கத் தம்புரா ஆப் போதும். 5 கட்டையில் வைத்து இரண்டாம் பக்கத்து 'ஆல் புளூஸ்' கேளுங்கள். சேர்ந்தால் டர்ன்டேபிள் சரி. அடுத்து 2 கட்டையில் முதல் பக்கத்து 'சோ வாட்': அது மட்டும் தூக்கலாக நின்றால் கையில் இருப்பது திருத்தாத பழைய மாஸ்டரிலிருந்து (மூலப் பதிவு) வந்த பிரதி.

பிறகு தம்புராவை அணைத்துவிடுங்கள். 'சோ வாட்' கரகரப்பிரியா சுரங்களில் 16 பார் (நான்கு அடி கொண்ட தாள அலகு) போய், ஆதார சுருதியே அரைச்சுரம் ஏறி 8 பார், மறுபடி இறங்கி 8 பார். கச்சேரிக் காது இடறுவது அங்கேதான். பால் சேம்பர்ஸின் பேஸ் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டால் தப்பலாம். மைல்ஸிடம் கமகம் தேடாதீர்கள். அவர் விடும் இடைவெளிதான் விஷயம்.

இரண்டாவது எல்பி, சோல் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971): முதல் பக்கம் ஒன்றோடொன்று கோத்தே ஓடும், நடுவில் முள்ளை வைக்க இடமில்லை. கடைசியில் வரும் 'மெர்சி மெர்சி மீ' லேபிளை ஒட்டியது. விளிம்பில் விநாடிக்கு 50 செ.மீ. ஓடிய தடம் அங்கே 21க்கு அருகில் வந்துவிடும். 'ஸ' சீறினால் புரோட்ராக்டர் (கோணம் பார்க்கும் அளவுத் தகடு) வைத்து, முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தைத் திருத்துங்கள். தட்டு தேயுமென்று முள்ளின் எடையைக் குறைப்பவர்கள் உண்டு, சீறல்தான் கூடும். 2 கிராம் கேட்கும் கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராமே கொடுங்கள்.

மூன்றாவது, ராக் குழு லெட் செப்பலினின் 'லெட் செப்பலின் 2' (1969). அச்சுக்கான தடம் முதலில் வெட்டப்பட்டது ஏகச் சத்தமாக. மலிவு பிளேயர்களில் முள் துள்ளியதால் பின்னர் அடக்கி வெட்டினார்கள். லேபிளைச் சுற்றிய வெற்றிடத்தில் 'ஆர்எல்' (வெட்டிய ராபர்ட் லட்விக்கின் முதலெழுத்துகள்) என்ற கீறல் இருந்தால் அது முதல் வெட்டு; விலை மலைக்க வைக்கும். பிந்தைய பிரதியை வாங்கி வால்யூமைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.